டைவர்ட்டர் இறுகிக் கிடக்கிறது, முறுக்கலாமா?

பிப்ரவரி 4, மாலை | கேள்வி

பாத்டப்பில் மூன்று கைப்பிடி. இடப்பக்கம் சுடுதண்ணீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர், நடுவில் தண்ணீரைத் தொட்டிக்கோ ஷவருக்கோ மாற்றிவிடும் டைவர்ட்டர். நடுவில் இருப்பது ஒரு வாரமாகத் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஷவருக்குத் திறந்தால் பாதித் தண்ணீர் கீழே தொட்டியில் விழுகிறது, மேலே நூல் மாதிரி வருகிறது. பெரிய பைப் ரெஞ்ச் ஒன்றைக் கவ்வவிட்டு ஒரே முறுக்காக முறுக்கினால் வந்துவிடும், அரை மணி நேர வேலை என்கிறார் என் மைத்துனர். டைல்ஸை உடைக்காமல் இது முடியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 4, இரவு 10.40

முதலில் அந்த பைப் ரெஞ்சை மைத்துனரிடமிருந்து வாங்கி ஒளித்து வையுங்கள்.

செய்து பார்த்திருக்கிறேன். இதே மூன்று கைப்பிடி, இதே நடுவில் உள்ளது. நானும் அரை மணி நேரம் என்றுதான் ஆரம்பித்தேன், ஒன்பது நாள் ஆயிற்று. அதில் உண்மையான வேலை நாலு மணி நேரம் இருக்கும். மீதியெல்லாம் ஊறவிட்டுக் காத்திருந்ததும், தப்பான சாமானை வாங்கி வந்து திருப்பிக் கொடுத்ததும், கோபத்தில் பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டுப் போனதும்தான்.

டைல்ஸை உடைக்க வேண்டி வராது, பெரும்பாலும். சுவருக்குள் போகிற குழாய் முறுக்கிக்கொண்டால்தான் உடைக்க வேண்டும். அதை முறுக்குவதே அந்த நீளக் கைப்பிடி ரெஞ்ச்தான். நட்டு அசையாதபோது நீங்கள் கொடுக்கிற பலம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே? பின்னால் பற்றவைத்த இணைப்புக்குப் போகும்.

பிப்ரவரி 5, காலை

தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் அடிப்படையை விட்டுவிட்டேன். பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக. டைவர்ட்டர் என்று ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்களைச் சொல்கிறோம்.

ஒன்று, தொட்டிக்குள் தண்ணீர் விழும் ஸ்பவுட்டின் தலையிலேயே சின்னக் குமிழ் இருக்கும், அதை மேலே இழுத்தால் ஷவர். உள்ளே ஒரு சின்னக் கதவு. தண்ணீரின் அழுத்தமே அதை மேலே பிடித்து வைத்துக்கொள்ளும், குழாயை மூடியதும் தன் எடையில் விழுந்துவிடும். இரண்டாவது உங்களுடையது, சுவரில் தனிக் கைப்பிடி. மூன்றாவது, ஒற்றைக் கைப்பிடி மிக்சரில் ஒரு பொத்தானை அழுத்தும் வகை. அதன் உள்ளே இருப்பது கார்ட்ரிட்ஜ் என்ற ஒரே உருளைத் துண்டு, அது வேறு கதை.

முதல் வகை என்றால் பெரும்பாலும் உள்ளே பழுது பார்க்க ஒன்றுமில்லை, ஸ்பவுட்டையே மாற்றிவிட வேண்டியதுதான். சுவரில் இருப்பதற்குத்தான் இவ்வளவு பேச்சு.

பிப்ரவரி 5, பகல்

உங்கள் கேள்வியில் இரண்டு நோய் இருக்கிறது, ஒன்றாகச் சொல்லிவிட்டீர்கள். கைப்பிடி திரும்பாதது ஒன்று. தண்ணீர் இரண்டு பக்கமும் போவது இன்னொன்று.

நடுக் கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஸ்பிண்டில் என்ற மரை போட்ட தண்டு முன்னேறிப் போய், அதன் நுனியில் இருக்கும் வாஷர் சீட்டு என்ற வளையத்தில் அழுந்தும். கீழே போகிற வழி அடைபடும், தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லாமல் மேலே ஏறும். உங்களுடையது பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஏன் நின்றது? ஸ்பிண்டிலின் மரையில் உப்புப் படிந்திருக்கலாம். அல்லது ஸ்பிண்டிலைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங் காய்ந்து கல்லாகியிருக்கலாம். அல்லது முன்பு ஒரு நாள் கைப்பிடி ஓரமாகக் கசிகிறது என்று யாரோ அந்த பேக்கிங்கை அழுத்தும் கிளாண்ட் நட்டை இறுக்கு இறுக்கு என்று இறுக்கியிருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பிண்டிலை ஒட்டி இருக்கும் சின்ன நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். சில வீடுகளில் வேலை அதோடு முடிந்துபோகிறது.

அப்புறம், எதையும் தொடும் முன் தொட்டியின் வடிகாலை அடையுங்கள். ஸ்க்ரூ அதற்குள்தான் போய் விழும், வேறெங்கும் விழாது. தொட்டியின் அடியில் தடித்த அட்டையோ பழைய துண்டோ விரியுங்கள். என் தொட்டியில் எனாமல் பெயர்ந்த ஒரு புள்ளி இருக்கிறது, ஸ்பேனர் விழுந்த இடம். குளிக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

பிப்ரவரி 5, இரவு

வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயினை அடைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அடைத்தேன். ஒரு நாள் முழுக்க வீட்டில் எல்லோரும் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் காலம் தள்ளினார்கள், என் பெயர் கெட்டது. பிறகுதான் உறைத்தது: டைவர்ட்டர் இருப்பது சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் வால்வுகள் இரண்டுக்கும் அப்பால். அந்த இரண்டும் ஒழுங்காக மூடியிருந்தால் நடுவில் கழற்றினாலும் தண்ணீர் வராது. மேலே ஷவர் குழாயில் தேங்கி நின்றது மட்டும் ஒரு குவளை அளவு முகத்தில் வந்து விழும். வாயை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பிப்ரவரி 6

மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவெல்லாம் யோசித்தேன். ஸ்பிண்டிலைப் பிடித்து நிற்கும் பெரிய நட்டை முறுக்கும்போது மொத்த வால்வு உடம்பும் அசையக்கூடும், அசைந்தால் உடைகிற இடம் வால்வுக்கு முன்னாலும் இருக்கலாம். அப்போது மெயின் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பலம் கொடுக்கிற பத்து நிமிடம் மட்டும் மெயினை அடையுங்கள், மற்ற நேரம் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கைப்பிடி கார்ட்ரிட்ஜைக் கழற்றுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, மெயினை அடைத்தே ஆக வேண்டும்.

அடைத்த பிறகு ஒரு குழாயைத் திறந்து, நின்றுவிட்டதா என்று பார்க்கவும். மெயின் வால்வே சரியாக மூடாத வீடுகள் உண்டு.

பிப்ரவரி 7

கிளாண்ட் நட்டைத் தளர்த்தியும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, என் கதையைச் சொல்கிறேன்.

முதல் தடங்கல் கைப்பிடியின் ஸ்க்ரூ. நடுவில் இருக்கும் வட்ட மூடியைக் கத்தி நுனியால் நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். என்னுடையது துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூ. பித்தளை ஸ்பிண்டிலில் இரும்பு ஸ்க்ரூ, நடுவில் ஈரம், இரண்டும் சேர்ந்து பல வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அவசரப்பட்டதில் அதன் தலை வழுவழுவென்று தேய்ந்துபோனது. கடைசியில் தலையைத் துளைபோட்டுத்தான் எடுத்தேன். செய்திருக்க வேண்டியது: பொருத்தமான அளவுள்ள டிரைவர், நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு, அதன் பிறகு திருகல்.

அடுத்தது கைப்பிடி. அது ஸ்பிண்டிலின் பற்களில் கவ்விக்கொண்டிருக்கும். இருபுறமும் மாறி மாறி ஆட்டி இழுத்தால் பெரும்பாலும் வரும். வராவிட்டால் கைப்பிடி இழுக்கிற புல்லர் என்று ஒரு கருவி உண்டு, இரண்டு கை, நடுவில் ஒரு திருகு. நெம்புகோலாக டைல்ஸின் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவதுதான் பெரியது. ஸ்பிண்டிலைப் பிடித்து நிற்கும் அந்த ஆறுபட்டை நட்டு சுவருக்குள் பதுங்கி இருக்கிறது. டைல்ஸ் போட்டவர் ஓட்டையைச் சரியாகக் குழாய் அளவுக்கு வெட்டி, மிச்ச இடைவெளியை சிமென்ட்டால் பூசி மூடியிருந்தார். சாதாரண ஸ்பேனர் எட்டாது. இதற்கென்று குழல் மாதிரி நீளமான பாக்ஸ் ஸ்பேனர் வரும், ஸ்பிண்டிலின் மேல் மாட்டி நட்டு வரைக்கும் தள்ளலாம். ஆனால் சிமென்ட்டைச் சுரண்டினால்தானே அது உள்ளே போகும்? பழைய ஸ்க்ரூ டிரைவரைச் சின்ன உளியாக்கிக்கொண்டு, டைல்ஸின் விளிம்பில் டேப் ஒட்டி, ஒரு மாலை முழுக்கச் சுரண்டினேன். என் மகள் வந்து பார்த்துவிட்டு, சிறையிலிருந்து தப்பிக்கிறீர்களா என்று கேட்டாள்.

பிப்ரவரி 8

வினிகர் பற்றி.

இறுகலுக்குக் காரணம் வெள்ளையான உப்பு என்றால் வினிகர் வேலை செய்யும். கடின நீர் விட்டுப் போகும் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் அதைக் கரைக்கிறது, கரையும்போது கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறும். நுரை நின்றால் அமிலம் தீர்ந்திருக்கும், இல்லை உப்பு தீர்ந்திருக்கும். புதிதாக ஊற்றிப் பாருங்கள், மறுபடி நுரைத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்தாலும் இதே வேலை.

சுவரில் கிடைமட்டமாக இருக்கும் நட்டில் எப்படி ஊற வைப்பது? பஞ்சையோ துணியையோ நனைத்துச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் கட்டிவிட வேண்டும். நான் அப்படியே இரவு முழுக்க விட்டேன். நட்டு அசையவில்லை, பக்கத்துக் கைப்பிடியின் பளபளப்பு மட்டும் மங்கிவிட்டது. அரை மணி நேரம், கழுவல், மறுபடி அரை மணி நேரம் என்று போனால் பூச்சு தப்பும்.

ப்ளீச்சிங் திரவம் ஊற்றிக் கழுவிய பாத்ரூமில் வினிகரைக் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. இதில் விளையாட்டு வேண்டாம்.

பிப்ரவரி 9

எண்ணெய்தான் சிறந்தது, வினிகர் பாட்டி வைத்தியம் என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். இரண்டும் வேறு நோய்க்கு வேறு மருந்து. உப்பு எண்ணெயில் கரையாது. துருவும் நுண்ணிய இடுக்குகளும் என்றால் எண்ணெய் ஊடுருவி உதவும்.

டபிள்யூடி-40 அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்கிறார் இன்னொருவர். அந்தப் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது: வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது நீரை விலக்கும் கலவை, 40-ஆவது முயற்சி. 1953-இல் ஏவுகணையின் உலோக உடம்பில் துரு ஏறாமல் இருக்கச் செய்தது. கொஞ்சம் ஊடுருவும், கொஞ்சம் வழுக்கும். ஆனால் இறுகிய நட்டுக்கென்றே தனியாக ஊடுருவும் எண்ணெய் இருக்கிறது, அது இன்னும் மெல்லியது, இடுக்கில் தானாக ஏறும். எதுவானாலும் அடித்த அடுத்த நிமிடம் முறுக்குவதில் அர்த்தமில்லை. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, இரண்டு நாள்.

வரிசை முக்கியம். முதலில் வினிகர், கழுவித் துடைத்துக் காயவிட்டு அப்புறம் எண்ணெய். எண்ணெயை முதலில் போட்டால் அது உப்பின் மேல் படலமாகி அமிலத்தை அண்டவிடாது. நான் போட்டது எந்த வரிசையில் என்று ஊகித்திருப்பீர்கள்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. பெட்ரோலிய எண்ணெய், புதிய வாஷரிலும் ஓ-ரிங்கிலும் படக்கூடாது. தண்ணீர்க் குழாய்ச் சாமான்களில் அதிகம் வருவது ஈபிடிஎம் ரப்பர். எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருக்கும், இடம் போதாமல் மாட்டிக்கொள்ளும். பழையதைக் கழற்ற மட்டும் எண்ணெய். புதியதற்குக் குடிநீர்க் குழாய்க்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

பிப்ரவரி 11

உங்கள் நிலவரம் படித்தேன். கைப்பிடி வந்தது, ஸ்க்ரூவும் வந்தது, என்னைவிடத் திறமைசாலி நீங்கள். நட்டு மட்டும் அசையவில்லை. மைத்துனர் மறுபடி ரெஞ்சைக் கேட்கிறார். கொடுக்காதீர்கள்.

ஸ்பிண்டில் சீட்டில் அழுந்தி நிற்கும் நிலையில் நட்டைக் கழற்றக் கூடாது. அழுந்தி நின்றால் நட்டின் மரைக்கும் அந்த இறுக்கம் போகும், சீட்டும் காயப்படும். உங்களுடையது பாதியில் நிற்பதால் இந்த விஷயத்தில் நல்லதாகப் போயிற்று.

கழற்றுகிற பக்கம் திருகும் முன், இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருகிப் பாருங்கள். எனக்கு இதைச் சொன்னவர் ஒரு வயதான ப்ளம்பர். கேட்டபோது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. நட்டும் உடம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும் படிவம் எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும், உடைந்தால் போதும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை நாள் தவம்.

கூடவே சூடு. பித்தளை சூட்டில் விரியும். சூடாக்கி ஆறவிட்டால், மறுபடி சூடாக்கி ஆறவிட்டால், அந்த விரிவும் சுருக்கமும் படிவத்தை உடைக்கும். தலை உலர்த்தும் கருவி போதும். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். தொட்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், நீங்கள் தொட்டிக்கு வெளியே நிற்க வேண்டும், மின்சாரமும் தொட்டியும் சேர்ந்த இடம் அது. கேஸ் டார்ச் எடுக்கிறேன் என்பவருக்கு: சுவருக்குள் போவது சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் அதன் தாங்கும் வரம்பே 93 டிகிரி செல்சியஸ்தான்.

முறுக்கும்போது இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள். ஒரு கை நட்டைத் திருப்ப, மறு கை வேறொரு ஸ்பேனரால் உள்ளே இருக்கும் உடம்பை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள. உடம்பு எட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சுரண்ட வேண்டும். கண்ணை நட்டில் வைக்காமல் இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளில் வையுங்கள். அவை லேசாகச் சாய்ந்தாலும் சுவருக்குள் எல்லாம் சேர்ந்து சுழல்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு, மரை கழன்றது குழாய்க்கா உனக்கா என்கிறார் என் மனைவி.

பிப்ரவரி 12

ஸ்பிண்டில் உடையுமா என்று கேட்டிருக்கிறார்கள். என்னுடையது உடைந்தது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் தள்ளிப்போட்டேன்.

ஆறாம் நாள். நட்டு வரவில்லை. கைப்பிடியைத் திரும்ப மாட்டி, ஸ்பிண்டிலையாவது திருப்பிப் பார்க்கலாம் என்று இடுக்கியால் பிடித்துத் திருகினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. ஆகா என்று ஒரு கணம் சந்தோஷம். அடுத்த கணம் பாதி ஸ்பிண்டில் என் கையில்.

உடைந்த முகத்தைப் பார்த்தால் மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பு. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேல் போன பித்தளையில், தண்ணீர் வருஷக்கணக்கில் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துப் போய்விடும்; மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி ஓட்டையான செம்பு. வெளித்தோற்றம் மாறாது, பலம் மட்டும் இருக்காது. ஆகவே ஸ்பிண்டிலில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் இடுக்கியைக் கீழே வையுங்கள், அது திரும்பாது, உடையும்.

வேடிக்கை என்னவென்றால், உடைந்ததே நல்லதாகப் போயிற்று. நீளமான ஸ்பிண்டில் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தபோது என் பாக்ஸ் ஸ்பேனரின் நீளம் போதவில்லை, நட்டின் விளிம்பை மட்டுமே கவ்விக்கொண்டிருந்தது. ஸ்பிண்டில் போனதும் முழுதாக உட்கார்ந்தது. ஒன்பதாம் நாள் காலை, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அந்த "டக்", அப்புறம் கழற்றுகிற பக்கம். நட்டோடு உடைந்த மிச்சமும் சேர்ந்தே வெளியே வந்தது. ஆறு நாளாகக் குறைந்த நீளமுள்ள ஸ்பேனரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கருவியை மாற்றியிருந்தால் ஒன்றும் உடைந்திருக்காது. இதை எழுதும்போதுதான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

பிப்ரவரி 12, இரவு

ஆகவே 11-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். சூடு, எண்ணெய், தவம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்பேனர் நட்டின் மேல் அடி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி உட்கார்ந்த ஸ்பேனர் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

பிப்ரவரி 14

வந்துவிட்டது என்ற உங்கள் செய்தியைப் பார்த்து இங்கே நான் தனியாகச் சிரித்தேன். முழு ஸ்பிண்டிலோடு, உடையாமல். மைத்துனருக்கு என் வணக்கம்.

இப்போது மாற்றுச் சாமான். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். படம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று நினைத்து மூன்று முறை தப்பாக வாங்கினேன். முதலாவது நீளம் குறைவு, சீட்டை எட்டவில்லை. இரண்டாவது நீளம் சரி, கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை வேறு. மூன்றாவது எல்லாம் சரி, உடம்பில் ஏறும் மரை வேறு. இரண்டு சுற்று ஏறிவிட்டு நின்றது. நல்லவேளை, அந்த இடத்தில் நான் பலம் கொடுக்கவில்லை, அதுவரை கற்றதில் அது ஒன்றுதான் உருப்படி. ஸ்பிண்டில்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பொது அளவு என்று ஒன்று கிடையாது. மொத்த நீளம், மரை, பற்கள், வாஷரின் விட்டம் நான்கையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 15

சீட்டை மறந்துவிடாதீர்கள். புது ஸ்பிண்டிலைப் போட்டு மூடிவிட்டு, இன்னும் கீழே ஒழுகுகிறதே என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டவர்கள். விரலை உள்ளே விட்டு அந்த வளையத்தைத் தடவுங்கள். வழுவழுவென்று இருக்க வேண்டும். நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் எந்த வாஷரும் அங்கே அடைக்காது. சீட்டின் நடு ஓட்டை சதுரமாகவோ ஆறுபட்டையாகவோ இருந்தால் அதைக் கழற்றி மாற்றலாம், அதற்கென்று சாவி உண்டு. வெறும் வட்டமாக இருந்தால் உடம்போடு சேர்ந்த சீட்டு. மேலே தேய்த்துச் சமன்செய்யும் கருவியைப் போட்டு இரண்டு மூன்று சுற்று லேசாகச் சுற்ற வேண்டும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

என் சீட்டில் மெல்லிய ஒரு கோடு இருந்தது. பரவாயில்லை என்று விட்டேன். இன்றைக்கும் ஷவர் ஓடும்போது கீழே சொட்டுகிறது. கொஞ்சமாக.

பிப்ரவரி 15, மாலை

டெஃப்ளான் டேப் எங்கே சுற்றுவது என்று கேட்டவருக்கு: அந்தப் பெரிய நட்டின் மரையில் சுற்ற வேண்டாம். அங்கே அடைப்பது அடியில் இருக்கும் வாஷர், மரை வெறும் பிடிமானம். ஸ்பவுட் மாட்டும் நிப்பிளில், அதாவது மரை போட்ட அந்தச் சின்னக் குழாய்த் துண்டில்தான் டேப். குழாயின் வாயை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கடிகாரமுள் திசையில் மூன்று நாலு சுற்று. மறுபக்கம் சுற்றினால் ஸ்பவுட்டைத் திருகத் திருக டேப் அவிழ்ந்து சுருண்டு வெளியே வரும்.

அந்தப் பொருள் 1938-இல் குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்ததாம். எதுவும் ஒட்டாத பொருளை நாம் குழாயில் ஒட்ட வைக்கப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 18

ஷவரை மூடிய பிறகும் ஐந்து நிமிடம் சொட்டுகிறது, டைவர்ட்டர் தப்பாகப் போட்டுவிட்டேனா என்கிறீர்கள். இல்லை. மேலே குழாயிலும் ஷவர் தலையிலும் நின்ற தண்ணீர்தான் அது. கைப்பிடியைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டால் வேகமாக வடிந்துவிடும். மணிக்கணக்கில் சொட்டினால்தான் கவலை, அப்போதும் குற்றவாளி டைவர்ட்டர் இல்லை. சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் வால்வுகளில் ஒன்று.

மார்ச் 2

முடிந்துவிட்டது என்று நினைத்தேன், என் தங்கை வீட்டில் முதல் வகை வந்து வாய்த்தது. ஸ்பவுட்டின் குமிழ் மேலே தூக்கிய நிலையில் நின்றுவிட்டது, தொட்டியை நிரப்பவே முடியவில்லை. வினிகரைச் சின்னப் பையில் ஊற்றி ஸ்பவுட்டின் மூக்கில் ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டதில் குமிழ் இறங்கியது. மூன்றாம் நாள் மறுபடி நின்றது. மாற்றிவிடலாம் என்று முடிவு.

ஸ்பவுட் இரண்டு விதமாக மாட்டியிருக்கும். சிலது மரையில் ஏறியிருக்கும், கடிகாரமுள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகினால் வரும். சிலது செம்புக் குழாயின் மேல் செருகி, அடியில் ஒரு சின்ன ஆலன் ஸ்க்ரூவால் இறுக்கியிருக்கும். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் யாரும் திருகாதீர்கள். மைத்துனரைக் கேலி செய்த நான், சுத்தியல் கைப்பிடியை ஸ்பவுட்டின் வாயில் நுழைத்து நெம்பு கொடுக்கத் தயாராகிவிட்டேன். என் தங்கை தரையில் உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தவள், "அண்ணா, அடியில் ஒரு ஓட்டை இருக்கிறதே, அது என்ன?" என்றாள். அந்த ஓட்டைக்குள் ஸ்க்ரூ. ஒரு நெம்பு நெம்பியிருந்தால் செம்புக் குழாய் சுவருக்குள் கரும்பு மாதிரி முறுகியிருக்கும்.

மார்ச் 3

மரை ஸ்பவுட் வாங்குகிறவர்கள் கவனிக்க: "அரை அங்குலம்" என்று இரண்டிலும் எழுதியிருக்கும், ஆனால் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரை வேறு, என்பிடி என்ற அமெரிக்க மரை வேறு. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை. அதனால்தான் ஏமாற்றுகிறது, முதல் சில சுற்று சுகமாக ஏறும். மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. வெளிவிட்டமும் கொஞ்சம் வேறு, 20.96 மில்லிமீட்டருக்கு 21.34. எத்தனை டேப் சுற்றினாலும் கசிந்துகொண்டே இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, இது அரை அங்குலமே இல்லையே, முக்கால் அங்குலத்துக்கும் மேலே இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பெயர்தான், வெளியளவு இல்லை.

ஸ்பவுட்டைச் சுவரோடு சேர்த்து சிலிக்கோன் பூசும்போது மேலும் பக்கங்களும் மட்டும் பூசுங்கள். அடியில் ஒரு இடைவெளி விடுங்கள். உள்ளே கசிந்தால் அது வழியாக வெளியே வந்து உங்கள் கண்ணில் படும். சுற்றிலும் அடைத்துவிட்டால் சுவருக்குள்தான் இறங்கும், தெரிய வருவது சுவர் ஊறிய பிறகு.

மார்ச் 21

ஒரு வாரமாக என் கைப்பிடியும் கனக்க ஆரம்பித்திருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஷவர்தான், தொட்டிப் பக்கம் யாருமே திருப்புவதில்லை. ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் உப்பு கட்டும். வாரத்துக்கு இரண்டு முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிவிடுகிறேன் இப்போது. நேற்று கழற்றி சிலிக்கோன் கிரீஸ் வைத்தேன். இம்முறை நட்டு கையால் கால் பலத்தில் வந்தது, நான்தானே போட்டது.

திரும்ப மாட்டும்போது கைப்பிடியைப் பல் மாற்றிச் செருகிவிட்டேன். இப்போது "ஷவர்" என்ற எழுத்து சுவர் மூலையைக் காட்டுகிறது. சரிசெய்ய ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். இன்று காலை என் மனைவி தொட்டியை நிரப்பக் குனிந்து திறந்தார், தலையில் கொட்டியது. மாலைக்குள் கழற்றிவிடுவேன்.